ஒரு ரீப்பர் உயரம்

எங்கள் சித்தப்பாவால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. சாப்பிடும்போதுகூடக் குத்துக்காலிட்டு, எந்த நேரமும் எழுந்து ஓடப்போகிறவர் மாதிரிதான் உட்கார்வார். சோறு வரக் கொஞ்சம் தாமதமானால் தட்டில் தாளம் போடுவார். தட்டைப் பிடுங்கி வைத்தால் தொடையில் போடுவார். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன் என்று அப்பா சொல்வார். குடும்பத்தில் அந்தக் குணம் எனக்கு மட்டும்தான் ஒட்டியிருந்தது. அதனால் எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாக ஒத்துப்போயிற்று. எங்களோடு ஒத்துப்போவதுதான் மற்றவர்களுக்குக் கஷ்டமாக இருந்தது.

மேட்டூர் டேமில் தண்ணீர் ஏற ஏற, அது பின்னோக்கிப் பரவி வந்து எங்கள் ஊர் வயல்களின் ஓரம்வரை நிற்கும். பென்னாகரம் தாலுகாவில் எங்கள் ஊருக்கு அப்புறம் ஊர் கிடையாது, தண்ணீர்தான். நாங்கள் அதை ஆறு என்றே சொல்வோம். ஆனால் அக்கரையில் மேயும் மாடு இக்கரைக்குத் தெரியாத அளவுக்கு அகலம். ஆளையும் ஆட்டையும் கடலைக்காய் மூட்டையையும் சைக்கிளையும் அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்ப்பது அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் தொழில். இரண்டு பேரும் துடுப்புப் போட்டால், காற்றில்லாத நாளில் எங்கள் மரப்படகு சொன்னபடி கேட்கும். காற்றடித்தால் யார் சொன்னாலும் கேட்காது. ஆடியில் தொடங்குகிற காற்று புரட்டாசிவரை ஓய்வதில்லை.

நான் மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த அந்த வருடம், எண்பதுகளின் தொடக்கம் அது, சித்தி உண்டாகியிருந்தாள். ஆவணியில் பிரசவம் என்றார்கள். அதற்கு முன்னால் அவளுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. முதல் முறை பென்னாகரம் ஆஸ்பத்திரிக்குப் போகக் காட்டுப்பாதையில் பஸ்ஸுக்காகக் காத்திருந்ததிலேயே நேரம் போய்விட்டது. இரண்டாவது முறை, அக்கரையில் கன்னியாஸ்திரீகள் நடத்திய சின்ன ஆஸ்பத்திரிக்குப் படகில் கிளம்பினார்கள். எதிர்க்காற்றில் நடு ஆற்றில் மாட்டிக்கொண்டு, துடுப்புப் போட்டுப் போட்டு, கரை சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "ரெண்டும் தங்கல" என்றுதான் வீட்டில் சொல்வார்கள். தங்கவில்லை என்றால் எங்கே போயின என்று நான் கேட்டதில்லை. சித்தப்பாவின் பிள்ளைகள் ஆயிற்றே, ஓர் இடத்தில் தங்காமல் போனதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

இந்த முறை அப்படி ஆகிவிடக்கூடாது என்று வீட்டில் எல்லாருமே பயந்துகொண்டிருந்தார்கள். அம்மா மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். அப்பாவின் அக்காவான பெரிய அத்தை, சித்தியின் இடுப்பில் மந்திரித்த கயிற்றைக் கட்டினாள். சித்தப்பா மோட்டார் வாங்கி வந்தார்.

கடலோரத்தில் யாரோ மீன்பிடிக்கப் பயன்படுத்தித் தேய்த்த மோட்டார் அது. சாக்கில் சுற்றி, பஸ்ஸின் தலைமேல் ஏறி வந்து சேர்ந்தது. பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும். படகின் பின்பலகையில் இரண்டு திருகுப்பிடிகளால் மாட்டிவிட்டால், அதன் நீண்ட கால் தண்ணீருக்குள் இறங்கும். அந்தக் காலின் நுனியில் சுற்றுவதை ஃபேன் என்று சொன்னோம். மோட்டாரோடு இரண்டு ஃபேன்கள் வந்திருந்தன. இரண்டுக்கும் மும்மூன்று இதழ்தான். ஒன்றில் இதழ்கள் அதிகம் முறுக்கிக்கொண்டிருந்தன. இன்னொன்றில் முறுக்கு குறைவு. எது எதற்கு என்று விற்றவர் சொல்லவில்லை, சித்தப்பாவும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. நிற்கிற ஆளாக இருந்தால் கேட்டிருப்பார்.

அன்றிலிருந்து அவர் குட்டி போட்ட பூனையாக வீட்டுக்கும் கரைக்கும் அலைந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் பையை எறிந்துவிட்டு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூடவே அலைந்தேன். முதலில் அதிகம் முறுக்கிய ஃபேனைப் போட்டார். மரையாணி ஒரு சுற்றுக்கு எவ்வளவு உள்ளே இறங்குமோ அதுபோல, முறுக்கு அதிகமான ஃபேன் ஒரு சுற்றுக்குப் படகை அதிக தூரம் தள்ளும் என்பது அவர் கணக்கு. நாங்கள் இரண்டே பேர். படகு அலைமேல் தாவிக்கொண்டு ஓடியது. எனக்கு வாயெல்லாம் பல்.

நேரம் பார்க்க எங்களிடம் கடிகாரம் இல்லை. கரையில் கிளம்பியதிலிருந்து, தண்ணீருக்குள் நிற்கும் பட்ட மரத்தைத் தொடுகிறவரை என்னை வாய்ப்பாடு சொல்லச் சொன்னார். எத்தனையாவது வாய்ப்பாட்டில் மரம் வருகிறது என்பதுதான் எங்கள் அளவை. துடுப்புப் போட்டால் பதினாறாம் வாய்ப்பாடும் முடிந்து, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். மோட்டாரில் ஏழாம் வாய்ப்பாடு. வேகத்தைக் கூட்டிப் பார்த்தார், ஏழுதான். இன்னும் கூட்டினார், எட்டு. சித்தப்பா மண்டையைச் சொறிந்துகொண்டார். படகு பறக்கப் பறக்க, சந்தோஷத்தில் நானும் வாய்ப்பாட்டைப் பறக்கவிட்டேன் என்பது அப்பா ஒரு நாள் எங்களோடு படகில் வந்து கேட்டபோதுதான் தெரிந்தது. பிறகு சித்தப்பா என் வாய்ப்பாட்டை ரத்து செய்துவிட்டு, பள்ளிக்கூட வாத்தியாரின் கைக்கடிகாரத்தைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். எனக்கு மூன்று நாள் கோபம்.

அப்பா அன்றைக்கு இன்னொன்றும் சொன்னார். "ஏன்டா, நீயும் இந்தப் புள்ளையும் போனா காத்தே தள்ளிக்கினு போயிடும். உம் பொண்டாட்டி தனியாவா ஏறுவா? அவளோட ஊர்ல பாதி ஏறும்டா."

சித்தப்பா மறுநாள் மணலை அள்ளி உரச்சாக்குகளில் நிரப்பினார். சித்திக்கு ஒரு மூட்டை, அத்தைக்கு ஒன்றரை மூட்டை, அம்மாவுக்கு ஒன்று, பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேருக்கு இரண்டு. ஒவ்வொரு மூட்டையும் யார் என்று எனக்குச் சொல்லிச் சொல்லித்தான் ஏற்றினார். அத்தையைத் தூக்கும்போது, இடுப்பு பிடித்துக்கொண்டது என்று கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மூட்டைகளைப் படகு முழுவதும், பின்னாலிருந்து முன்வரை, சீராகப் பரப்பி வைத்தார்.

பாரம் ஏறியதும் அந்த ஃபேனின் சாயம் வெளுத்துவிட்டது. மோட்டார் முக்கியது, புகை தள்ளியது, படகு மட்டும் எழுந்து ஓடவில்லை. மேட்டில் ஆளை வைத்துச் சைக்கிள் மிதிக்கிற மாதிரி இருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அது தள்ள நினைத்த தண்ணீரைத் தள்ள மோட்டாருக்குச் சக்தி போதவில்லை. முறுக்குக் குறைவான ஃபேனை மாற்றிப் போட்டார். வெறும் படகில் அதை நாங்கள் நத்தை என்று கேலி செய்திருந்தோம். பாரத்தோடு அது மோட்டாரை மூச்சு வாங்க விட்டது. சுற்று கூடியது, படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. வேகம் முன்புபோல இல்லை. ஆனால் ஏழு பேர் ஏறினாலும் எதிர்க்காற்றில் போகும். அன்று இரவு சித்தப்பா இரண்டு மடங்கு சாப்பிட்டார்.

அதோடு விட்டிருந்தால் அவர் சித்தப்பா இல்லையே. அடுத்தபடியாக மோட்டாரின் உயரத்தைப் பிடித்துக்கொண்டார். மோட்டாரின் கால் எவ்வளவு ஆழம் தண்ணீரில் இருக்கிறதோ அவ்வளவுக்குத் தண்ணீர் அதைப் பிடித்து இழுக்கும் என்பதைக் கண்டுபிடித்திருந்தார். பின்பலகையின்மேல், ஓட்டுக்கூரைக்கு அடிக்கிற ரீப்பர் கட்டை ஒன்றை வைத்து மோட்டாரைத் தூக்கி மாட்டினார். கொஞ்சம் வேகம் கூடியது. இரண்டு ரீப்பர் வைத்தார். இன்னும் கூடியது. மூன்றாவதை வைத்ததும், அலையில் படகு ஆடியபோது ஃபேன் மேல்தண்ணீருக்கு வந்து காற்றைக் குடித்தது. மோட்டார் வீலென்று அலறியது, படகு நின்ற இடத்திலேயே நின்றது. மூன்றாவது ரீப்பரைக் கழற்றிவிட்டு, இரண்டோடு நிறுத்தினார்.

இன்னும் ஒன்றை எடுத்துவிடு, கொஞ்சம் ஆழமாகவே இருக்கட்டும் என்று அப்பா சொல்லிப் பார்த்தார். வாத்தியாரின் கைக்கடிகாரத்தைக் காட்டி, அந்த ஒரு ரீப்பரில் எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று சித்தப்பா வாதாடினார். அந்த நேரத்தை அவரால் விட்டுக்கொடுக்க முடியவில்லை. இரண்டாவது பிள்ளை எவ்வளவு நேரத்தில் கை நழுவியது என்று அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. எனக்கு வேகம் பிடித்தது, அவ்வளவுதான். நானும் அவர் கட்சியில் சேர்ந்துகொண்டு இரண்டு ரீப்பருக்கு ஓட்டுப் போட்டேன்.

இதெல்லாம் தினமும் சோற்றோடு சோறாகச் சித்தி காதிலும் விழுந்தது. ரசம் ஊற்றும்போது ஃபேனின் முறுக்கு, மோர் ஊற்றும்போது ரீப்பர். அவள் வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. பெரியவர்கள் முன்னால் அவள் அதிகம் பேசமாட்டாள். தூங்கிவிட்டாளோ என்றுகூட நான் சில சமயம் எட்டிப் பார்ப்பேன்.

வலி எடுத்தது ஒரு காலை நேரம். அப்பா பென்னாகரம் சந்தைக்குப் போயிருந்தார். சித்தப்பா ஏற்கெனவே கரையில் இருந்தார், அந்த ஒரு மாதமாக அவர் வேறெங்கே இருந்தார்! நான் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு ஓடினேன். எல்லாம் அவர் மணல் மூட்டையில் போட்ட கணக்குப்படியே நடந்தது. சித்தி வந்தாள், அத்தை வந்தாள், அம்மா வந்தாள், பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஆள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அம்மா மஞ்சளைக் கரைத்து ஆற்றில் விட்டுக் கும்பிட்டாள். மோட்டார் முதல் இழுப்பிலேயே கிளம்பியது.

ஆனால் நோவு எடுத்தவள் பக்கத்தில் ஆண்பிள்ளை இருக்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்து முறை. புருஷனாக இருந்தாலும் சரி, பிள்ளை பிறந்து குளிப்பாட்டும்வரை எட்டத்தான் நிற்க வேண்டும். அத்தை சித்தியைக் கொண்டுபோய்ப் படகின் முன் நுனியில் உட்காரவைத்தாள். மற்றப் பெண்கள் அவளைச் சுற்றி நெருக்கிக்கொண்டார்கள். குறுக்கே இரண்டு புடவையைத் திரைபோல் பிடித்தார்கள். பின்னால் மண்ணெண்ணெய்ப் புகை வேறு, ஒருத்தியும் அந்தப் பக்கம் வரத் தயாராக இல்லை. அதோடு, சித்தப்பா திரைப்பக்கம் பார்க்கக்கூடாது என்று அத்தை உத்தரவு போட்டாள். முன்னால் பார்க்காமல் எப்படிப் படகோட்டுவது? நடுப்பலகையில் என்னை நிறுத்தினார்கள். நான் "இந்தப் பக்கம், அந்தப் பக்கம்" என்று கைகாட்ட, அவர் என்னைப் பார்த்து ஓட்டினார். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

கரையோரம் காற்று தெரியவில்லை, படகு நன்றாகவே போயிற்று. பட்ட மரத்தைத் தாண்டியதும் மேற்கேயிருந்து காற்று வந்து அறைந்தது. அலை வந்தபோது, அத்தனை பேரும் குவிந்திருந்த முன்பக்கம் குப்புற இறங்கியது. பின்பக்கம் மேலே தூக்கியது. மோட்டார் வீலென்று அலறியது. சித்தப்பா வேகத்தைக் குறைத்தார். அலறல் நின்றது, படகும் நின்றது. மறுபடி கூட்டினார், மறுபடி அலறல். அதற்குள் காற்று படகைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டது, ஒரு அலை உள்ளேயே எட்டிப் பார்த்தது. பெண்கள் காவேரித் தாயைக் கூப்பிட்டுக் கத்தினார்கள். திரைக்குப் பின்னாலிருந்து சித்தியின் முனகல் கேட்டது.

சித்தப்பா முகத்தைத் திருப்பாமலே கத்தினார். "அக்கா, எல்லாரும் முன்னால குவிஞ்சிட்டீங்க! பாதிப் பேரு பின்னால வாங்க!"

"என்னடா பேசற? பொம்பள நோவுல கெடக்கறா, ஆம்பளகிட்ட வந்து குந்தச் சொல்றியா? நீ ஓட்டற வேலையப் பாரு!" என்று திரைக்குள்ளிருந்து அத்தை கத்தினாள்.

பக்கத்து வீட்டுப் பெண்களாவது வரட்டும் என்றார். அவர்கள் திரையை விட்டால் யார் பிடிப்பது என்று பதில் வந்தது. சோதனை ஓட்டத்தில் மணல் மூட்டைகள் வைத்த இடத்திலேயே இருந்தன. மனிதர்கள் எங்கே உட்கார்வார்கள் என்று அவர் யோசிக்கவே இல்லை. இத்தனை நாள் பார்த்துப் பார்த்துச் செய்ததில் அந்த ஒன்று விட்டுப்போயிருந்தது.

நான் பின்னால் ஓடிப்போய் உட்கார்ந்தேன். என் கனத்துக்குப் படகு அசையக்கூட இல்லை. சித்தப்பா மோட்டாரை நிறுத்திவிட்டுத் திருகுப்பிடியைத் தளர்த்தப் பார்த்தார். ரீப்பரை உருவிவிட்டு மோட்டாரை இறக்கி மாட்டலாம் என்று நினைத்திருப்பார். அந்த ஆட்டத்தில் மோட்டார் கை நழுவினால் நேராக ஆற்றின் அடிக்குத்தான் போகும். பிடியைத் தளர்த்துவதும் மறுபடி இறுக்குவதுமாக இருந்தார். எனக்கு அப்போதுதான் முதல் தடவையாகப் பயம் வந்தது.

திரை விலகியது. சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். அத்தை அவள் கையைப் பிடித்து இழுக்க, அவள் உதறினாள். அத்தையின் கையை உதறி ஒருவர் நடந்ததை எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. பலகைக்குப் பலகை பிடித்து, நடுவில் ஒரு வலி வந்து குனிந்து நின்று, மறுபடி நிமிர்ந்து பின்னாலேயே வந்தாள். சித்தப்பாவின் காலடியில், அவர் முழங்காலில் சாய்ந்துகொண்டு உட்கார்ந்தாள்.

"அத ஏன் கழட்டறீங்க? பின்னால கனம் பத்தல, அவ்ளோதான? தெனம் சோறு போடறப்ப இதத்தான கேட்டுக்கினு இருந்தேன். இழுங்க" என்றாள்.

சித்தப்பா கயிற்றை இழுத்தார். மோட்டார் கிளம்பியது. சித்தியைத் தனியாக விடமுடியாமல் அத்தையும் திட்டிக்கொண்டே பின்னால் வந்தாள். அத்தை வந்ததும் அம்மா வந்தாள். பின்பக்கம் நன்றாக அழுந்தியது. ஃபேன் தண்ணீரைக் கடித்துப் பிடித்த சத்தம் எனக்கே தெரிந்தது. அலறல் உறுமலாக மாறி, படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு காற்றுக்கு எதிரே கிளம்பியது. வழியெல்லாம் சித்தி ஒரு கையால் சித்தப்பாவின் வேட்டியைச் சுருட்டிப் பிடித்திருந்தாள். அவர் திரையைப் பார்க்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, திரைக்குப் பின்னால் மறைக்க ஆளே இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் மட்டும் முன்னால், யாரையும் மறைக்காத புடவையைக் கடைசிவரை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

ஆஸ்பத்திரி அக்கரையிலிருந்து கூப்பிடு தூரம்தான். பெண்கள் சித்தியைத் தாங்கிக்கொண்டு மேடேறினார்கள். சித்தப்பா இறங்கவில்லை. அம்மா திரும்பி, "தம்பி, வாங்க" என்று கூப்பிட்டாள்.

"மோட்டாரப் பாத்துக்கணும் அண்ணி, நீங்க போங்க" என்றார்.

அந்தக் கரையில் மோட்டாரைத் திருட ஒரு காக்கைகூட இல்லை. அவர் பின்பலகையில், மோட்டாரின் கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். காலை ஆட்டவில்லை. தாளம் போடவில்லை. சித்தப்பா அசையாமல் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பார்க்கவே என்னவோபோல் இருந்தது. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன், படகுக்கு ஓடி வந்தேன், மறுபடி ஓடினேன். ஒவ்வொரு முறையும் அவர் என் முகத்தை மட்டும் பார்ப்பார். வெயில் ஏறி உச்சிக்கு வந்தது.

கடைசியாக நான் போனபோது, மூடிய கதவுக்குப் பின்னால் காது கிழிகிற மாதிரி ஓர் அழுகை கேட்டது. அத்தை உட்கார்ந்த இடத்திலேயே தரையைத் தொட்டுக் கும்பிட்டாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கன்னியாஸ்திரீ துணியில் சுற்றிய பாப்பாவைக் கொண்டுவந்து காட்டினார். அதற்குள் அது கண்ணை இறுக மூடித் தூங்கியிருந்தது. பெண்பிள்ளை. எல்லாரும் அதன்மேல் கவிழ்ந்துகொண்டார்கள், என்னை ஒருவரும் கவனிக்கவில்லை. இவ்வளவு பெரிய செய்தியை முதலில் சொல்லப்போவது நான்தான் என்ற நினைப்பில் மேட்டிலிருந்து உருண்டு விழாத குறையாக ஓடிவந்தேன்.

"சித்தப்பா! பாப்பா பொறந்திருச்சி! தங்கச்சி பாப்பா!"

அவர் எழுந்து நின்றார். "அழுதுச்சா?" என்று கேட்டார்.

இது என்ன கேள்வி என்று இருந்தது. வந்த முதல் நாளே பாப்பாவின் பேரைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அழாத பிள்ளைதான் நல்ல பிள்ளை என்று வீட்டில் எனக்குச் சொல்லிச் சொல்லித்தான் வளர்த்திருந்தார்கள்.

"இல்ல சித்தப்பா. அழவேயில்ல. கண்ண மூடிக்கினு சமத்தா கெடக்குது."

அவர் முகம் போன போக்கை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த நொடி படகிலிருந்து தாவினார். அவர் தாவிய வேகத்தில் படகு பின்னால் போக, நான் தண்ணீரில் இறங்கிக் கயிற்றைப் பிடித்து இழுத்து முளையில் கட்டினேன். ஒரு மாதம் யாரையும் தொடவிடாத மோட்டாரை இப்படியா விட்டுவிட்டு ஓடுவது என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஈரப் பாவாடையோடு பின்னால் ஓடினேன்.

ஆஸ்பத்திரி வாசலில், சேற்றுக்காலோடு உள்ளே ஓடிவந்ததற்காக அந்தக் கன்னியாஸ்திரீ அவரைத் திட்டிக்கொண்டிருந்தார். அந்த அமளியில் பாப்பா விழித்துக்கொண்டு, முகம் சிவக்க, மூச்சடைக்க அழுதுகொண்டிருந்தது. என் பொய் வெளுத்துவிட்டது என்று நான் அம்மாவின் பின்னால் ஒளிந்தேன். யாரும் என்னைத் தேடவில்லை. அத்தை பாப்பாவைத் தோளில் போட்டுத் தட்ட வந்தபோது சித்தப்பா அவள் கையைப் பிடித்துத் தடுத்தார். "வுடுக்கா, அழுவட்டும்" என்றார். பிறகு பாப்பாவின் முன்னால் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் ஊற்ற ஊற்ற, "அழுவு தாயி, நல்லா அழுவு" என்று கெஞ்ச ஆரம்பித்துவிட்டார்.

அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்த வேண்டும் என்பதுகூடத் தெரியாத இந்த மனிதர் எப்படித்தான் பிள்ளை வளர்க்கப்போகிறாரோ என்று எனக்கு ஒரே கவலையாக இருந்தது.